கடலோர வெப்ப நகரத்தில் மாநாட்டு மையம்: ஒரே பெட்டியா, அடுக்கா, தாழ்வாரமா?

வெப்பமண்டலக் கடற்கரை நகரம் ஒன்றில் மாநாட்டு மையம் கட்ட முடிவாகிவிட்டது. இடமும் பார்த்தாகிவிட்டது. மூன்று கட்டடக் கலைஞர்கள் மூன்று விதமான வரைபடங்களைக் கொடுத்திருக்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது? நகராட்சிக் குழுவில் இருப்பவர்கள், அறக்கட்டளை நிர்வாகிகள், தொழிலுக்குப் புதிதாக வந்த கட்டடக் கலைஞர்கள் என்று பலரும் இந்தக் கட்டத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்கள் முன்னால் விரித்து வைக்கப்படுவது பெரும்பாலும் கடலிலிருந்து பார்த்தால் கட்டடம் எப்படித் தெரியும் என்ற படம்தான். கூரை அலையாக எழும், சிப்பியாகத் திறக்கும், பாயாக விரியும். படம் அழகாகவே இருக்கும்.

அந்தப் படத்தை ஒரு வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். அதற்கு முன்னால் வரைபடத்தில் இரண்டு கோடுகளைத் தேட வேண்டும். குளிரூட்டிய காற்று எந்தக் கோட்டோடு நிற்கிறது என்பது ஒன்று. கூரையில் விழுகிற மழை எந்த வழியாகத் தரைக்கு வருகிறது என்பது இன்னொன்று. வெப்பமண்டலக் கடலோரத்தில் ஒரு மாநாட்டு மையத்தின் ஆயுளும் மாதாந்தரச் செலவும் பெரும்பாலும் இந்த இரண்டு கோடுகளில்தான் தீர்மானமாகின்றன. கீழே வருகிற மூன்று வழிகளையும் நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

ஈரம். எல்லோரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், ஆனால் இங்கே பெரிய செலவு வைப்பது ஈரம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெளியே 32 டிகிரி, ஒரு கிலோ காற்றில் 20 கிராம் நீராவி. கடலோரத்தில் இது சாதாரண நாள். உள்ளே 24 டிகிரி, 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். அரங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நொடிக்கு 8 லிட்டர் புதுக்காற்று கொடுத்தால், அந்தக் காற்றைக் குளிர்வித்து உலர்த்த மட்டும் சுமார் 300 வாட் குளிர்த்திறன் போகும். அந்த ஆளின் உடலிலிருந்து வெளிவரும் வெப்பமோ சுமார் 120 வாட்தான். அதாவது ஆளைவிட அவர் மூச்சுவிடக் கொடுக்கும் காற்றுக்குத்தான் இரண்டு மடங்குக்கு மேல் செலவு. 3,000 பேர் அரங்கில் புதுக்காற்றுக்கு மட்டும் 250 டன் ஏசி தேவைப்படும்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். அதே 32 டிகிரிக் காற்றின் பனிநிலை கிட்டத்தட்ட 25 டிகிரி. 25-க்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பின்மேல் அந்தக் காற்று பட்டாலும் வியர்க்கும். கண்காட்சி முடிந்த இரவை நினைத்துப் பாருங்கள். மூன்று நாள் 22 டிகிரியில் கிடந்த கான்கிரீட் தரை. ஸ்டால்களைப் பிரித்து ஏற்ற லாரிகள் வருகின்றன, பெரிய ஷட்டர்கள் மேலே போகின்றன, கடல்காற்று உள்ளே வருகிறது. கால் மணி நேரத்தில் தரை முழுவதும் மெல்லிய ஈரம் படர்ந்து, ஃபோர்க்லிஃப்ட் சக்கரம் திரும்பும்போது வழுக்கும். மடித்து வைத்த அட்டைப் பெட்டிகளின் அடிப்பக்கம் நனைந்து பிய்யும். வரைபடத்தில் இது எங்கேயும் தெரியாது. ஆனால் அந்த மையத்தை நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இது வரும்.

காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. கூரையின் மூலைகளிலும் விளிம்புகளிலும் மேல்நோக்கி இழுக்கும் விசை இதைவிட இரண்டு மடங்கு வரை போகலாம். 1974 டிசம்பர் 25 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தை டிரேசி புயல் சிதைத்தபோது கிடைத்த பாடம் வேறு மாதிரியானது. பல கூரைத் தகடுகள் ஒரே இழுப்பில் போகவில்லை. காற்று ஆயிரக்கணக்கான முறை ஏற்றி இறக்கியதில் ஸ்க்ரூவைச் சுற்றித் தகடு களைத்து விரிசல் விட்டு, ஸ்க்ரூ அதே இடத்தில் நிற்கத் தகடு மட்டும் பிய்ந்து போனது. அதற்கு அப்புறம்தான் அங்கே கூரைத் தகடுகளைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கிச் சோதிக்கும் முறை வந்தது. 1992-ல் ஆண்ட்ரூ புயலுக்குப் பிறகு தெற்கு ஃபுளோரிடாவில் கண்ணாடிகளுக்கும் இப்படி ஒரு சோதனை வந்தது. சுமார் 4 கிலோ மரக்கட்டையை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிந்து, கண்ணாடி ஓட்டை விழாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். ஒரு கண்ணாடி உடைந்தாலோ ஒரு ஷட்டர் உள்ளே விழுந்தாலோ காற்று உள்ளே புகுந்து கூரையை அடியிலிருந்தும் தள்ளும் என்பதுதான் காரணம். நீங்கள் வாங்கும் தகடும் கண்ணாடியும் எந்தச் சோதனையில் தேறியவை என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உப்பு. கடலிலிருந்து முதல் சில நூறு மீட்டர்தான் மிகக் கொடுமை. மழையில் நனையும் பரப்பைவிட மழை படாத பரப்புதான் சீக்கிரம் அரிக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது. கூரை விளிம்பின் அடிப்பக்கத்தில் கழுவ ஆள் இல்லை. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிகள் இங்கே சீக்கிரமே பழுப்புக் கறை பிடிக்கும். 316 தாக்குப்பிடிக்கும், ஆனால் அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

வெள்ளமும் கடல் மட்டமும். ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையின்படி, உமிழ்வு மிக அதிகமான பாதையில் 2100-க்குள் உலகச் சராசரிக் கடல் மட்டம் 0.63 முதல் 1.01 மீட்டர் வரை உயரலாம். இன்று கட்டும் மாநாட்டு மையம் அந்தக் காலத்தின் பாதியையாவது பார்க்கும். மின்மாற்றி அறை, ஜெனரேட்டர், தீயணைப்பு பம்ப் மூன்றும் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள்.

சரக்கு. பார்வையாளர்கள் முன்வாசலைப் பார்க்கிறார்கள். கண்காட்சி நடத்துகிறவர்கள் பின்வாசலைப் பார்த்துத்தான் இடம் பிடிக்கிறார்கள். தரை சதுர மீட்டருக்கு 2 டன் தாங்க வேண்டும், தூண் இல்லாத பரப்பு வேண்டும், குறைந்தது 10 மீட்டர் உயரம் வேண்டும், லாரி நேராக உள்ளே வர வேண்டும். ஸ்டால்கள் 3 மீட்டருக்கு 3 மீட்டர் கட்டத்தில் அமைவதால், தூண் இடைவெளியும் தரைக்குள் போகும் மின், நீர் இணைப்புகளும் 3-ன் மடங்காக இருந்தால் ஒரு இடமும் வீணாகாது.

காலி நாட்கள். இதை யாரும் அளவுகோலாக வைப்பதில்லை. வைக்க வேண்டும். நிகழ்ச்சி இல்லாத நாளிலும் கட்டடம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். அன்றைக்கு அதற்கு என்ன செலவு?

## வழி ஒன்று: தரையோடு பரந்த ஒற்றைப் பெட்டி

எல்லா அரங்குகளும் ஒரே தளத்தில் வரிசையாக, ஒரே கூரையின் கீழ், முழுக்க மூடி, முழுக்க ஏசி. சிங்கப்பூரில் சாங்கி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 1999-ல் திறந்த சிங்கப்பூர் எக்ஸ்போ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 10 அரங்குகள், எல்லாம் தரைமட்டத்தில், தூண் இல்லாமல்.

சரக்கு விஷயத்தில் இதை அடிக்க ஆள் இல்லை. கனரக இயந்திரக் கண்காட்சி, படகு, வாகனம் என்று எது வந்தாலும் லாரி அரங்குக்குள்ளேயே வந்து இறக்கிவிட்டுப் போகும். தரை நேராக மண்ணில் உட்காருவதால் 2 டன் சுமை பெரிய விஷயமே இல்லை. ஆட்கள் வெளியேறுவதும் எளிது. நான்கு பக்கமும் கதவு வைக்கலாம், யாரும் படி இறங்க வேண்டியதில்லை. பேரிடர் காலத்திலும் இந்த வடிவம் சட்டென்று கை கொடுக்கும். 2020-ல் கோவிட் நோயாளிகளைத் தனிமைப்படுத்தி வைக்க சிங்கப்பூர் எக்ஸ்போவைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இனி மறைந்திருக்கும் செலவுகளைப் பார்ப்போம். முதலாவது கூரை. 20,000 சதுர மீட்டர் கூரையில் மணிக்கு 150 மில்லிமீட்டர் மழை பெய்தால் நொடிக்கு 830 லிட்டருக்கு மேல் தண்ணீர் இறங்க வேண்டும். அகலமான கூரை என்றால் நடுவில் எங்காவது உள்பள்ளக் கால்வாய் வந்தே தீரும். அது அரங்கத்துக்கு நேர் மேலே ஓடும். ஒரு அடைப்பு போதும், கீழே ஸ்டால்மேல் தண்ணீர் கொட்டும். அலை வடிவக் கூரை என்றால் ஒவ்வொரு அலைக்கும் ஒரு பள்ளம். அலையைச் சிற்பமாகப் பார்ப்பவரிடம், அடைத்த கால்வாயைச் சுத்தம் செய்யப் போகிறவர் எந்த வழியாக மேலே ஏறுவார், எங்கே பெல்ட்டை மாட்டுவார் என்று கேளுங்கள். பதில் வரைபடத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்க்ரூ. இவ்வளவு பெரிய உலோகக் கூரையில் லட்சக்கணக்கான ஸ்க்ரூக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தலைக்கு அடியிலும் ஒரு ரப்பர் வாஷர். வெயிலில் அந்த ரப்பர் இறுகி வெடிக்கும், வெடிப்பில் உப்பு உட்காரும், ஸ்க்ரூவின் கழுத்தில் துரு பிடிக்கும், தகட்டில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வழியும். அந்தக் கோடு கண்ணில் படும்போதே வேலை தாமதமாகிவிட்டது என்று அர்த்தம். தகட்டில் ஓட்டையே போடாமல் அடியில் கிளிப் வைத்து மடிப்பால் பூட்டும் அலுமினியக் கூரை இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைக்கும். ஆரம்பத்தில் விலை கூடத்தான். கடலுக்கு அருகில் என்றால் நான் அதில் பேரம் பேசமாட்டேன்.

மூன்றாவது, பகுதிச் சுமை. சில்லர்களை, அதாவது ஏசிக்குக் குளிர்ந்த நீர் தரும் பெரிய இயந்திரங்களை, அரங்கு நிரம்பிய நாளுக்குக் கணக்குப் போட்டு வாங்குவார்கள். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அரங்கு நிரம்பாது. அப்போது அளவுக்கு மீறிய இயந்திரம் சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். வெப்பநிலை இறங்கும், ஈரம் அப்படியே இருக்கும். குளிர்ந்து ஈரமான அரங்கத்தில் கார்ப்பெட்டிலும் நகர்த்தும் தடுப்புச் சுவர்களின் துணியிலும் பூஞ்சை பிடிக்கும். சிறிதும் பெரிதுமாகக் கலந்த சில்லர்கள், புதுக்காற்றைத் தனியாக உலர்த்தி அனுப்பும் கருவி, காலி நாளில் உலர்த்தல் மட்டும் ஓடும் ஏற்பாடு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்தப் பெட்டியை ஏற்றுக்கொள்ளக் கூடாது. அதோடு, 12 மீட்டர் உயரத்தையும் குளிர்விக்காமல், ஆட்கள் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் குறிவைத்துக் காற்றை விடும் முறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எப்போது இது சரி: நிலம் தாராளமாக இருக்கிறது, கடலிலிருந்து ஓரளவு உள்ளே தள்ளி, மேடான இடம், துறைமுகமோ விமான நிலையமோ பக்கம், வணிகக் கண்காட்சிகள்தான் முக்கிய வருமானம், ஆண்டு முழுவதும் முன்பதிவு இருக்கும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது என்றால் இதையே எடுக்கலாம்.

## வழி இரண்டு: அடுக்கிய கட்டடம்

நிலம் குறைவு, நகரத்தின் நடுவே வேண்டும் என்றால் அரங்கின்மேல் அரங்கு. அதே சிங்கப்பூரில் கடலைத் தூர்த்த நிலத்தில் 1995-ல் திறந்த சன்டெக் மையத்தில் பெரிய அரங்குகள் 4-வது, 6-வது தளங்களில் இருக்கின்றன. ஹாங்காங் மாநாட்டு மையத்தின் 1997 விரிவாக்கம் துறைமுகத்துக்குள் செயற்கையாக உருவாக்கிய தீவில், 40,000 சதுர மீட்டர் அலுமினியக் கூரையோடு நிற்கிறது.

இதன் பெரிய பலம் இருப்பிடம். வருகிறவர்கள் விடுதியிலிருந்து நடந்தே வரலாம், ரயிலில் இறங்கி நேராக உள்ளே போகலாம். கூரைப் பரப்பு குறைவு என்பதால் வெப்பமும் மழையும் புயலில் மேலே இழுபடும் பரப்பும் குறைவு. வெப்பமண்டலத்தில் சூரியன் தலைக்கு மேலே நிற்பதால் வெப்பத்தின் பெரும்பங்கு கூரை வழியாகத்தான் வருகிறது. அந்தக் கூரையைச் சுருக்குவது நல்ல சேமிப்பு. வெள்ளத்திலும் லாபம் உண்டு, விலையுயர்ந்த அரங்குகள் தண்ணீருக்கு மேலே இருக்கும்.

ஆனால் பணம் எங்கெங்கோ போகும். மேல் தளத்திலும் சதுர மீட்டருக்கு 2 டன் தாங்கும் தரை வேண்டும், கீழேயும் தூண் இருக்கக் கூடாது என்றால் இடையில் வரும் டிரஸ்களே (முக்கோணச் சட்டங்களால் ஆன பெரிய உத்தரங்கள்) ஒரு மாடி உயரத்துக்குப் போகும். தூர்த்த மண்ணில் பைல் அஸ்திவாரம் (மண்ணுக்குள் இறக்கும் தூண்கள்) ஆழமாக இறங்க வேண்டும். அடித்தளம் தோண்டினால் நிலத்தடி நீர் காலிப் பெட்டியைப் போல அதை மேலே தள்ளப் பார்க்கும், அதைப் பிடித்து வைக்கவும் தனிச் செலவு. லாரி மேலே ஏற சாய்வுப் பாதை போட்டால் அதற்கே பெரிய இடம் போகும். போடாமல் சரக்கு லிஃப்டை நம்பினால் ஸ்டால் அமைக்க ஆகும் நேரம் நீளும். அந்த நேரத்தில் அரங்கை வாடகைக்கு விட முடியாது. எனவே ஆண்டில் எத்தனை நிகழ்ச்சி நடத்தலாம் என்பதே குறையும். இந்தச் சங்கிலியை நிதி அறிக்கையில் யாரும் எழுதுவதில்லை.

இன்னொன்று மொட்டைமாடித் தோட்டம். அடுக்குக் கட்டடம் என்றால் உடனே மேலே பச்சைப்பசேலென்று ஒரு படம் வரைந்துவிடுவார்கள். ஹொனலூலுவில் 1998-ல் திறந்த ஹவாய் மாநாட்டு மையத்தின் மேல்தளத் திறந்தவெளி மாடியிலிருந்து கீழ்த் தளங்களுக்கு நீர்க் கசிவு பல ஆண்டுகள் தொடர்ந்து, பெரும் செலவில் பழுதுபார்க்க வேண்டிய நிலை வந்தது. நல்ல கட்டடம்தான். அதன் திறந்த முகப்பை அடுத்த பகுதியில் புகழத்தான் போகிறேன். ஆனால் ஆட்கள் புழங்கும் அறைக்கு மேலே மண்ணும் செடியும் நடைதளமும் வைத்தால், கசிவு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். வாட்டர்ப்ரூஃபிங் படலத்தின் ஆயுள் கட்டடத்தின் ஆயுளைவிடக் குறைவு. மாடித் தோட்டம் வேண்டும் என்றால், அந்தப் படலத்தை ஒருநாள் மொத்தமாக மாற்றும் செலவையும் அந்த மாதங்களில் கீழே அரங்கம் மூடிக்கிடக்கும் இழப்பையும் இன்றைய கணக்கிலேயே எழுதிவிட வேண்டும்.

ஆட்களை வெளியேற்றுவதும் சிக்கல். 6-வது தளத்தில் 5,000 பேர் இருக்கும்போது தீ எச்சரிக்கை ஒலித்தால் எல்லோரும் படியில்தான் இறங்க வேண்டும். தீ இல்லாத நாளிலும், ஒரு பெரிய அமர்வு முடிந்த பத்து நிமிடத்தில் எஸ்கலேட்டர் வாயில் கூட்டம் தேங்கும். எஸ்கலேட்டர் எண்ணிக்கையைக் குறைத்துச் சிக்கனம் பார்ப்பது மிக மோசமான சிக்கனம்.

எப்போது இது சரி: நகர மையத்தில் சிறிய மனை, நல்ல பொதுப் போக்குவரத்து, மருத்துவம், தொழில்நுட்பம் போன்ற துறை மாநாடுகள் அதிகம், கனரகக் கண்காட்சிகள் குறைவு, வெள்ள அபாயம் உண்மையிலேயே பெரிது.

## வழி மூன்று: மூடிய அரங்குகள், திறந்த தாழ்வாரங்கள்

இதில் அரங்குகள் மட்டும் குளிர்ந்த அறைகள். அவற்றை இணைக்கும் முகப்புக்கூடம், நடைவழி, உணவு இடைவேளைக் கூடம் எல்லாம் கூரையும் நிழலும் விசிறியும் உள்ள திறந்த இடங்கள். வெப்பமண்டலத்து மக்கள் எப்போதும் கட்டிவந்த முறைதான் இது, அளவு மட்டும் பெரியது. ஹவாய் மையத்தின் முகப்புக்கூடம் கண்ணாடிக் கூரையின் கீழ் காற்றுக்குத் திறந்தே இருக்கிறது. கொழும்பில் 1973-ல் சீனா அன்பளிப்பாகக் கட்டிக்கொடுத்த பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தைப் பாருங்கள். எண்கோணக் கட்டடத்தைச் சுற்றி உயரமான தூண் வரிசை, அதற்கு மேலே வெளியே நீளும் கூரை. சுவரில் நேர் வெயில் படுவதைத் தூண்களும் கூரையும் சேர்ந்து பெருமளவு தடுத்துவிடுகின்றன.

மாநாட்டு மையத்தில் அரங்குகளைத் தவிர்த்த பரப்பு பெரியது. வருகிறவர்கள் அங்கே தங்குவது கொஞ்ச நேரம்தான். பதிவு செய்ய, பேச, காபி குடிக்க, அடுத்த அமர்வுக்கு நடக்க. அந்தப் பரப்பை முழுக்கக் குளிர்விக்காமல் விட்டால் சில்லரின் அளவே இறங்கும். நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் காற்று மேலே பட்டால் இரண்டரை மூன்று டிகிரி குறைந்த மாதிரி உடம்புக்குத் தோன்றும். மெதுவாகச் சுழலும் பெரிய விசிறிகள் மிகக் குறைந்த மின்சாரத்தில் இதைச் செய்யும். நிகழ்ச்சி இல்லாத அரங்கைத் தனியாக மூடிவிடலாம், மற்றவை தங்கள் பாட்டுக்கு ஓடும். கட்டுவதையும் கட்டம் கட்டமாக வைத்துக்கொள்ளலாம். முதலில் ஒரு பெரிய அரங்கு, ஐந்தாண்டு கழித்துத் தேவை இருந்தால் இன்னொன்று.

எனக்கு இந்த வழி பிடிக்கும் என்பதை மறைக்கவில்லை. அதனாலேயே இதன் குறைகளைக் கறாராகச் சொல்ல வேண்டும்.

நிழலுக்காக நீட்டும் கூரை விளிம்பைத்தான் புயல் முதலில் பிடிக்கும். அடியிலிருந்து தள்ளும், மேலிருந்து இழுக்கும். அந்த விளிம்பை முதன்மைக் கூரையோடு ஒரே துண்டாக ஓடவிட்டால், விளிம்பு கிழியும்போது அரங்கின் கூரையையும் கிழித்துக்கொண்டு போகும். தாழ்வாரக் கூரைக்குத் தனித் தூண்கள், தனி உத்தரங்கள் வைத்து, அரங்கக் கூரையிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். புயலில் தாழ்வாரம் போனாலும் அரங்கு நிற்கும். இந்த ஒரு விவரத்தைக் குறுக்குவெட்டு வரைபடத்தில் தேடுங்கள்.

அடுத்தது சாரல். கடலோர மழை செங்குத்தாக விழாது. உயரமான திறந்த கூடத்தில் காற்றோடு அடிக்கும் மழை வெகுதூரம் உள்ளே வரும். பதிவு மேசையும் கணினிகளும் நனைந்தால் அதைச் சரிசெய்ய நிர்வாகம் முதலில் பிளாஸ்டிக் திரை கட்டும், பிறகு கண்ணாடி போடும், கடைசியில் ஏசியும் போடும். அப்படி மாறிய கூடத்தில் கூரைக்கு வெப்பக் காப்பு இருக்காது, கதவுகள் காற்றைப் பிடிக்காது. பெட்டியைவிட அதிக மின்சாரம் தின்னும் கூடமாகிவிடும். இந்த வழி தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். கூரையைத் தாழ்த்தி, காற்று வரும் பக்கம் நிலையான தகட்டு மறைப்புகள் வைத்து, பதிவு மேசையைக் காற்றுக்கு மறைவான பக்கம் தள்ளிவிட்டால் இதைத் தவிர்க்கலாம்.

கதவுகளும் கவனிக்க வேண்டியவை. 22 டிகிரி அரங்குக்கும் 31 டிகிரி தாழ்வாரத்துக்கும் நடுவே ஒரே கதவு இருந்தால், இடைவேளையில் 2,000 பேர் வெளியே வரும் இருபது நிமிடமும் அது திறந்தே இருக்கும். இரட்டைக் கதவோடு ஒரு இடைக்கூடம் வேண்டும். அது ஓரளவு மட்டும் குளிர்ந்ததாக, முக்கியமாக உலர்ந்ததாக இருக்க வேண்டும். கோட் அணிந்து வருகிறவர்களுக்கும் அந்த இடைக்கூடம்தான் உதவும். சில அனைத்துலக அமைப்புகள் எல்லாக் கூடங்களும் உள்ளுக்குள்ளேயே இணைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கும். அவர்கள்தான் உங்கள் இலக்கு என்றால் இந்த வழியில் ஒரு குளிர்ந்த உள்வழியாவது சேர்க்க வேண்டிவரும்.

அப்புறம் உப்பு. திறந்த கூடத்தில் விசிறி, விளக்கு, ஒலிபெருக்கி, கேமரா எல்லாமே கடல்காற்றில் இருக்கும், எதுவும் மழையில் கழுவப்படாது. அவற்றை இறக்கித் துடைத்து மாற்ற ஆண்டுதோறும் ஒதுக்கீடு வேண்டும். மின்சாரத்தில் மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு இங்கே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது இது சரி: நடுத்தர நகரம், ஆண்டில் பாதி நாளுக்கு மேல் முழு முன்பதிவு இருக்காது, நிலம் போதுமான அளவு இருக்கிறது, பணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், பராமரிப்புக்கு நிலையான ஆட்கள் இருப்பார்கள்.

## மூன்றையும் பக்கத்தில் வைத்தால்

| அளவுகோல் | ஒற்றைப் பெட்டி | அடுக்கு | தாழ்வாரம் |
|---|---|---|---|
| ஏசி சுமை | மிக அதிகம் | அதிகம், கூரை வெப்பம் குறைவு | குறைவு, கதவுகள் சரியாக இருந்தால் |
| புயல் | பெரிய கூரை, பெரிய ஷட்டர்கள் | உயரத்தில் காற்று வேகம் கூடும், கண்ணாடி கவனம் | கூரை விளிம்புகள் பலவீனம் |
| உப்பு | கூரை ஸ்க்ரூக்கள் | முகப்புக் கண்ணாடிச் சட்டங்கள் | திறந்த கூடத்தில் உள்ள அனைத்தும் |
| வெள்ளம் | தரையை உயர்த்தியாக வேண்டும் | அரங்குகளுக்குப் பாதுகாப்பு, அடித்தளத்துக்கு அபாயம் | அரங்குகளை மட்டும் உயர்த்தலாம் |
| லாரி, சரக்கு | மிக எளிது | கடினம் | எளிது |
| காலி நாள் செலவு | அதிகம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| கட்டம் கட்டமாகக் கட்டுவது | முடியும் | அநேகமாக முடியாது | எளிது |

அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே எடை கிடையாது. கனரகக் கண்காட்சிதான் உங்கள் பிழைப்பு என்றால் சரக்கு வரி மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். நிலமே இல்லை என்றால் பேச்சே இல்லை, அடுக்குதான்.

## எதை எடுத்தாலும்

கட்டடத்தின் நீளவாட்டு கிழக்கு மேற்காக ஓட வேண்டும், கண்ணாடி வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். மேற்கே கடல் இருக்கும் நகரத்தில் இது வலிக்கும். அந்தக் காட்சிக்காகத்தான் இடமே வாங்கியிருப்பார்கள். மேற்குப் பக்கம் முழுக் கண்ணாடிச் சுவர் வைக்காமல், ஆழமான தாழ்வாரம் ஒன்றை வைத்தால் காட்சியும் கிடைக்கும், மாலை வெயிலும் உள்ளே வராது.

புயல் புகலிடமாகவும் இது மாறும் என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் உணவும் தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் நாட்கணக்கில் தவித்தார்கள். அது புகலிடமாகத் திட்டமிட்ட கட்டடமே அல்ல. ஆனால் ஊரிலேயே பெரிய, உறுதியான கூரை எங்கே இருக்கிறதோ அங்கேதான் மக்கள் வருவார்கள். ஒரு அரங்கையாவது தனி ஜெனரேட்டர், மேல்நிலைத் தொட்டி, மின்சாரம் இல்லாமலும் இயங்கும் கழிப்பறைகள், கையால் திறக்கக்கூடிய காற்றுவழிகள் ஆகியவற்றோடு கட்ட வேண்டும். கட்டும்போது இதற்கு ஆகும் கூடுதல் செலவு சிறியது, பிறகு சேர்ப்பது மிகக் கடினம்.

கடைசியாக, வரைபடம் கொடுத்தவர்களிடம் நான் கேட்கச் சொல்வது மூன்று தாள்கள். அரங்கு 30 சதவீதம் மட்டும் நிரம்பிய நாளுக்கான ஏசிக் கணக்கு ஒன்று. கூரை விளிம்பின் குறுக்குவெட்டு, ஸ்க்ரூவும் வாஷரும் தெரியும் அளவுக்குப் பெரிதாக வரைந்தது ஒன்று. முதல் இருபது ஆண்டுகளில் எது எப்போது கழற்றி மாற்றப்படும் என்ற பட்டியல் ஒன்று. மூன்றையும் ஒரு வாரத்தில் கொடுக்கிறவர் இதையெல்லாம் ஏற்கனவே யோசித்திருக்கிறார். கடலிலிருந்து பார்க்கும் படத்தை அதற்கு அப்புறம் எடுத்து மேசையில் வையுங்கள்.